பருப்பு வேகாத தண்ணீரும் பாதிக் கப் காபியும்

என் மாமியாருக்குக் காலை நாலரை மணிக்குக் காபி வேண்டும். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். போன வருடம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது தோள் எலும்பு முறிந்ததிலிருந்து, கொதிக்கிற சட்டியை அடுப்பிலிருந்து இறக்கும் தெம்பு அந்தக் கைக்கு இல்லை. யாரையாவது எழுப்பிக் கேட்கவும் அவருக்கு மனசு வராது. ஆறு மணிக்கு நான் எழுந்து வரும்வரை இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். இதைப் பார்த்துவிட்டுத்தான் பெங்களூரில் இருக்கும் என் நாத்தனார் ஒரே ஒரு டம்ளர் காபி போடும் சின்ன மெஷினை வாங்கி வந்தார்.

காப்ஸ்யூல் போடும் வகை இல்லை. பின்பக்கம் ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கும் தொட்டி, முன்னால் கம்பி வலைக் கூடையில் காபித்தூள், கீழே டம்ளர், ஒரே ஒரு பட்டன். அத்தை குடிப்பது பால் சேர்க்காத வரக்காப்பி. கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டிய பாகு ஒரு பாட்டிலில் எப்போதும் இருக்கும். டம்ளரில் இரண்டு கரண்டி பாகை விட்டு மெஷினுக்குக் கீழே வைத்தால், டிகாக்‌ஷன் அதன் மேலேயே இறங்கும். வந்த முதல் வாரமே அத்தைக்குக் கை பழகிவிட்டது. எட்டு மாதம் யார் தூக்கத்தையும் கெடுக்காமல் தன் காபியைத் தானே போட்டுக் குடித்தார்.

மார்கழி இரண்டாவது வாரம், நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தபோது சொன்னார்: "தாயி, இந்த மெஷினு பாதியிலயே அமந்துருது. டம்ளர்ல பாதிதான் விழுகுது. நாலு நாளா இப்படித்தான்."

நாலு நாளாகப் பாதிக் காபி குடித்துக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கிறார். அதை உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எதையும் கழற்றும் முன் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மறுநாள் நாலரைக்கு அத்தையோடு நானும் எழுந்தேன். 200 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றி, தூள் போடாமல் பட்டனை அமுக்கி, போனில் நேரம் பார்த்தேன். புதிதில் இது இரண்டரை நிமிடத்துக்குள் முடியும் வேலை. இப்போது முதல் சொட்டு விழவே ஒன்றரை நிமிடம் ஆனது. மூடிப் பக்கம் ஆவி அதிகம், தண்ணீர் குறைவு. நாலாவது நிமிடத்தில் உள்ளே 'டிக்' என்று சத்தம் வந்து விளக்கு அணைந்தது. டம்ளரில் விழுந்தது 110 மில்லி. மீதித் தண்ணீர் தொட்டியிலேயே நின்றது.

இந்த நோயைப் புரிந்துகொள்ள மெஷினுக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வகைச் சின்ன மெஷினில் பம்ப் கிடையாது. தொட்டித் தண்ணீர் ஒரு வால்வு வழியாகக் கீழே இறங்கி, 'ப' வடிவில் வளைந்த அலுமினியக் குழாய்க்குள் போகிறது. அந்தக் குழாயோடு ஒட்டினாற்போல ஹீட்டர். தண்ணீர் கொதித்துக் குமிழி கிளம்பும்போது, வால்வு அதைத் தொட்டிப் பக்கம் திரும்ப விடாது. போக ஒரே வழி மேலே. குமிழிகள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஏறித் தூளின் மேல் கொட்டுகின்றன. தொட்டி காலியானதும், சூட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் அலுமினியம் சட்டென்று சூடேறும். அதைத் தொட்டபடி இருக்கும் தெர்மோஸ்டாட் அந்தச் சூட்டைக் கண்டு கரண்டை நிறுத்தும்.

அதாவது தண்ணீர் தீர்ந்ததா என்று மெஷின் பார்ப்பதில்லை. சூடு ஏறியதா என்றுதான் பார்க்கிறது. குழாயின் உள்சுவரில் உப்புப் படிந்தால், அந்தப் படிவு ஹீட்டருக்கும் தண்ணீருக்கும் நடுவில் போர்வை மாதிரி நிற்கும். சூடு தண்ணீருக்குப் போகாமல் அலுமினியத்திலேயே தங்கும். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போதே தெர்மோஸ்டாட் 'தீர்ந்துவிட்டது' என்று அணைத்துவிடும். பாதிக் காபி, அதிக ஆவி, நடுவில் 'டிக்'. மூன்றும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் உப்பு மேல்தான். தொட்டிக்குள்ளேயே குமிழி வந்து தண்ணீர் சூடானால் அது வேறு கதை. வால்வு மூடாமல் ஏதோ துணுக்கு மாட்டியிருக்கிறது என்று பொருள்.

எங்கள் வீடு மதுரை ஒத்தக்கடையில், யானைமலைக்குப் பக்கத்தில். போர் தண்ணீர் எப்படி என்பதை அத்தை ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "பருப்பு வேகாத தண்ணி." துவரம்பருப்பைப் போர் தண்ணீரில் போட்டால் குக்கர் எத்தனை விசில் விட்டாலும் விதை விதையாக நிற்கும், சோப்பு நுரைக்காது. கடினத்தன்மையைக் காட்ட இதைவிட நம்பகமான சோதனை எங்கள் சமையலறையில் இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம்தான் பருப்பை இறுக்குகிறது. அதே கால்சியம்தான் மெஷினுக்குள்ளும் போகிறது. கரைந்த நிலையில் அது கால்சியம் பைகார்பனேட். சூடு பட்டதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறி, சூடான இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் ராடில் வெள்ளையாக ஏறுவதும் இதேதான்.

"மெஷினுக்கு எந்தத் தண்ணி ஊத்துறீங்க அத்தை?" என்று கேட்டேன்.

"கொழாயில வர்றதுதான். கேன் தூக்க கை வரலையே."

அடுப்படிக் குழாயில் வருவது மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் போர் தண்ணீர். இருபது லிட்டர் கேனைச் சாய்க்க அந்தத் தோளால் முடியாது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். எட்டு மாதமாக மெஷினுக்குப் போனது அந்தத் தண்ணீர்தான்.

வீட்டில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. போர் தண்ணீர் 1,100 காட்டியது. இரண்டு நாளைக்கு ஒரு முறை வரும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் 340. கேன் தண்ணீர் 60. இந்த மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் சொல்லும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. அதனால் மீன்தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் காகிதப் பட்டையையும் போர் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். அட்டையில் இருந்த கடைசி நிறத்தையும் தாண்டிப் போனது. குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐ.எஸ். 10500 கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை விடுகிறது. அந்த அளவு மனிதர்கள் குடிப்பதற்கானது. விரல் தடிமன் அலுமினியக் குழாய்க்கு 200-ஏ அதிகம்.

சரி, உப்பை எடுக்க வேண்டும். முதலில் வீட்டில் இருந்த வினிகரையே சரிபாதி தண்ணீர் கலந்து ஓட்டினேன். கொஞ்சம் பலன் தெரிந்தது, 110 மில்லி 130 ஆனது. ஆனால் அந்த வாடை போகவில்லை. ஐந்து தடவை வெறும் தண்ணீர் ஓட்டியும், மறுநாள் காபியை மோந்து பார்த்த அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த வீட்டு அக்கா பாத்ரூம் கழுவும் ஆசிடைச் சொன்னார். அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்போடு அலுமினியத்தையும் சேர்த்துத் தின்றுவிடும், அதன் பிறகு அதில் இறங்குவதை மனிதர்கள் குடிக்க முடியாது.

எலுமிச்சை உப்புதான் சரியான மருந்து. சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கிடைக்கும். 250 மில்லி தண்ணீருக்கு 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். அதிகம் போட்டால் சீக்கிரம் வேலை முடியும் என்று தோன்றும், ஆனால் அளவு மீறினால் வேறு தொல்லை வரும். சிட்ரிக் அமிலமும் கால்சியமும் சேர்ந்து உண்டாகும் கால்சியம் சிட்ரேட் சூட்டில் கரைவது குறைவு. கரைசல் கெட்டியாகவும் கொதிநிலையிலும் இருந்தால், கரைத்த உப்பே வேறொரு வெள்ளைப் பொடியாகத் திரும்பப் படியும். ஆகவே நீர்க்க வைத்து, வெதுவெதுப்பாக வைத்து, நேரம் கொடுக்க வேண்டும். கரைசலை ஊற்றிப் பட்டனை அமுக்கி, கால் டம்ளர் இறங்கியதும் அணைத்து, அரை மணி நேரம் அப்படியே ஊறவிட்டேன். உள்ளே மெல்லிதாகப் பொரியும் சத்தம் கேட்டது. கார்பன் டை ஆக்சைடு கிளம்பும் சத்தம்.

அரை மணி கழித்து மறுபடி பட்டனை அமுக்கினால் ஒரு சொட்டுகூட விழவில்லை. உறுமல் மட்டும் கேட்டது. உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்தது. பாதி கரைந்த படிவு ஏடாகப் பெயர்ந்து போய் மேலே ஏறும் குழாயின் கழுத்தில் அடைத்துக்கொண்டது. பல மாதம் சேர்ந்த உப்பை ஒரே தடவையில் எடுக்கப் பார்த்தால் இப்படி ஆகலாம். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் சிறிது சிறிதாகச் செய்திருக்க வேண்டும்.

கழற்றுவதைத் தவிர வழி இல்லை. வாரண்டி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாத்தனார் வாங்கிக் கொஞ்ச நாள் வைத்திருந்துதான் கொண்டு வந்தார். வாரண்டி இருந்தால் திறக்காமல் கொடுத்துவிடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கி இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீரை வடித்து, வெள்ளைத் துண்டு விரித்துக் கவிழ்த்தேன். வெள்ளைத் துண்டு எதற்கென்றால், உருண்டு போகும் திருகு அதில் கண்ணுக்குத் தெரியும். அடியில் ஐந்து திருகு. நாலு சாதாரண ஸ்டார் தலை. ஐந்தாவது ஆழமான குழிக்குள் நீள்வட்டத் தலையோடு இருந்தது. யாரும் திறக்கக் கூடாது என்றே வைப்பது. அதற்கென்று தனி பிட் விற்கிறது. என்னிடம் இல்லாததால், பழைய தட்டை ஸ்க்ரூடிரைவரின் முனை நடுவில் அரத்தால் ஒரு வெட்டு வெட்டிக்கொண்டேன். பத்து நிமிட அரவேலை. அதன் பிறகு சுலபமாகச் சுழன்றது. ஒவ்வொரு வயரையும் பிடுங்கும் முன் போட்டோ எடுத்தேன்.

உள்ளே பார்க்க எளிமையாகத்தான் இருக்கிறது. 'ப' வடிவ அலுமினியம், இரண்டு பக்கமும் சிலிக்கான் குழாய், அவற்றை இறுக்கும் கம்பி வளையம், அலுமினியத்தின் முதுகில் தகடு வைத்து அழுத்திய தெர்மோஸ்டாட், வெள்ளை நார் உறைக்குள் இரண்டு தெர்மல் ஃபியூஸ், மஞ்சளும் பச்சையும் கலந்த எர்த் வயர்.

சிலிக்கான் குழாயை இழுத்ததும் துளை தெரிந்தது. பென்சில் நுழைய வேண்டிய துளையில் ஈர்க்குச்சிதான் நுழைந்தது. விளிம்பிலிருந்து ஒரு சில்லு தானாகவே உதிர்ந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முட்டை ஓட்டின் இரு மடங்கு தடிமன். ஒரு பக்கம் குழாயின் வளைவு அப்படியே அச்சாகி வழுவழுப்பாக இருந்தது, மறு பக்கம் மணல் மாதிரிச் சொரசொரப்பு. ஓரத்தில் மரத்தின் வளையங்கள் போல மெல்லிய அடுக்குகள். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் இளம்பழுப்பு. அத்தை அதை வாங்கி இரண்டு விரலால் நசுக்கினார். "காஞ்சு போன சுண்ணாம்புல இது?" என்றார், தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து டப்பாவின் ஓரத்தில் காய்ந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டி அதன் பக்கத்தில் வைத்தார்.

அவர் சொன்னது ரசாயனப்படியும் சரி. ஈரச் சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் காய்ந்து கால்சியம் கார்பனேட்டாகத்தான் மாறுகிறது. முட்டை ஓடும் அதுதான். இரண்டின் மேலும் ஆளுக்கொரு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விட்டோம். இரண்டுமே நுரைத்தன. அத்தை ரொம்ப நேரம் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்புறத்தைக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. அலுமினியம் கீறும், கீறிய இடத்தில் அடுத்த உப்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும். குழாயின் இரு வாயும் மேல்நோக்கி நிற்கும்படி, அரிசி நிரப்பிய கிண்ணத்தில் அந்த 'ப' வைக் கவிழாமல் நட்டேன். வயர் இணையும் முனைகளில் ஈரம் படாமல் பிளாஸ்டிக் சுற்றினேன். சொட்டு மருந்துக் குழலால் எலுமிச்சை உப்புக் கரைசலை நிரப்பினால் சோடா மாதிரிப் பொங்கி வழிந்தது. அடங்கியதும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினேன். ஐந்து முறை. இடையிடையே ஸ்ட்ரா கழுவும் மெல்லிய நைலான் பிரஷ். ஐந்தாவது முறை பொங்கவே இல்லை, பென்சிலும் தாராளமாக நுழைந்தது. வால்வைத் தனியாக ஊறவைத்தேன். அதன் குட்டி ரப்பர் நாக்கின் மேல் கடுகளவு துணுக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது.

திரும்பப் பூட்டும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 600 வாட் ஹீட்டர், 230 வோல்ட். 230-ஐ 230-ஆல் பெருக்கி 600-ஆல் வகுத்தால் 88 ஓம் வர வேண்டும். 87 காட்டியது. ஹீட்டர் முனைக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் தொடர்பு எதுவும் காட்டக் கூடாது, காட்டவில்லை. எர்த் பின்னிலிருந்து அலுமினியம் வரை தொடர்பு இருக்க வேண்டும், இருந்தது. ஈரக் கையோடு ஒருவர் இருட்டில் தொடும் பொருள் இது. இந்த மூன்றையும் பார்க்காமல் மூடுவது தவறு.

பூட்டி, வெளித் திண்ணையில் வைத்து ஓட்டினேன். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. 200 மில்லியும் இரண்டு நிமிடம் இருபது நொடியில் முடிந்தது. ஆனால் விளக்கு அணையவில்லை. சூடான உலோக வாடை வந்தது. பிளக்குக்குக் கை நீட்டுவதற்குள் விளக்கு தானாகவே செத்தது, அதன் பிறகு உயிர் வரவில்லை.

மறுபடி திறந்தேன். தெர்மோஸ்டாட்டை அழுத்தும் தகட்டின் ஒரு திருகை நான் முழுதாக முடுக்கவில்லை. தெர்மோஸ்டாட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் இடைவெளி. சூட்டைக் கடத்த வைத்திருந்த பழைய வெள்ளைப் பசையும் காய்ந்து உதிர்ந்திருந்தது. சூடு அதற்கு எட்டவே இல்லை. சூடு எல்லை தாண்டியபோது இரண்டு தெர்மல் ஃபியூஸில் ஒன்று தன்னைக் கொடுத்துக் கரண்டை நிறுத்தியிருக்கிறது. ஒரு முறை போனால் போனதுதான், அது திரும்ப ஒட்டாது. அதன் உடம்பில் அச்சடித்திருந்தது: 10 ஆம்பியர், 250 வோல்ட், 216 டிகிரி.

மறுநாள் டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு சந்தில் இருக்கும் பழைய ரிப்பேர் கடைக்குப் போனேன். மிக்சி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் மலையாகக் குவிந்திருக்கும் கடை. அண்ணன் ஃபியூஸைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா? டைரக்டா குடுத்துருவோம். வயரை ஒட்டிவிட்டா பத்து வருஷம் ஓடும்."

"வேண்டாம்ணே. காலையில நாலரைக்கு எங்க அத்தை தனியா போடுற மெஷினு. கண்ணும் சரியாத் தெரியாது. நேத்து இந்த ஃபியூஸ் மட்டும் இல்லாட்டி பிளாஸ்டிக் உருகியிருக்கும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் உள்ளே நாலு டப்பாவைக் கவிழ்த்துத் தேடி, அதே 216 டிகிரி ஃபியூஸை எடுத்து வந்தார். பத்து ஆம்பியரா என்று லென்ஸ் வைத்து என்னையே படிக்கச் சொன்னார். பிறகு ஈயம் வைக்காமல், சின்னப் பித்தளைக் குழாய்க்குள் இரண்டு முனையையும் நுழைத்து இடுக்கியால் நசுக்கிக் காட்டினார். "இதுக்கு சால்டர் வைக்கக் கூடாதும்மா. வைக்கிற சூட்டுலயே ஃபியூஸ் போயிரும். நசுக்கித்தான் விடணும்." நார் உறையைப் பழையபடி ஏற்றி, தெர்மோஸ்டாட்டுக்கு வைக்கக் கொஞ்சம் வெள்ளைப் பசையும் ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார். ஃபியூஸுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். இறுகிப் போயிருந்த சிலிக்கான் குழாய்க்கும் மாற்று வாங்கினேன். பார்க்க அதே மாதிரி இருக்கும் சாதாரண பிளாஸ்டிக் டியூப் விலை குறைவு, ஆனால் கொதிநீரில் அது தளர்ந்து கழன்றுவிடும்.

அன்று மாலை பூட்டி, பத்து முறை வெறும் தண்ணீர் ஓட்டினேன். பத்து முறையும் தண்ணீர் தீர்ந்த சில நொடிகளில் 'டிக்'. கடைசித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், புளிப்பு இல்லை. அதற்குப் பிறகுதான் அத்தையிடம் கொடுத்தேன்.

அப்புறம் தூள். இது மெஷினின் கோளாறே இல்லை, ஆனால் பலரும் மெஷின் மேல் பழி போடும் இடம். கூடையில் தண்ணீர் தேங்கி, விளிம்பு தாண்டி, தூளோடு டம்ளரில் விழும். எங்கள் வீட்டில் வாங்குவது 70 பங்கு காபிக்கு 30 பங்கு சிக்கரி. பித்தளை ஃபில்டருக்கென்று மெல்லிதாக அரைத்தது. ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்க அரை மணி ஆனாலும் யாரும் கேட்கப் போவதில்லை. மெஷினோ இரண்டு நிமிடத்தில் 200 மில்லியைக் கொட்டுகிறது. சிக்கரி தண்ணீர் பட்டதும் ஊறிக் குழைந்து வலையின் கண்ணை அடைக்கும். தூள் கடையில் ஒரு சுற்று கொரகொரப்பாக அரைக்கச் சொல்லி, சிக்கரியை 15 பங்காகக் குறைத்தேன். "கொழகொழப்பு இல்லையே தாயி" என்று அத்தைக்கு ஒரு வாரம் குறை. அதற்குத் தண்ணீரை 200-லிருந்து 150 மில்லியாகக் குறைத்து, தூளை அப்படியே வைத்தேன். இப்போது குறை இல்லை. கொட்டை எங்கள் பக்கத்து மலையிலிருந்தே வருகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கீழ்ப்பழனி மலைச் சரிவில் நிழல் மரங்களுக்கு அடியில் விளைவது. தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அவ்வளவு நல்ல கொட்டையை உப்புத் தண்ணீரில் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

வலைக் கூடையைத் தினமும் தட்டிக் கழுவினால் போதாது. காபி எண்ணெய் கண்ணில் பிசுபிசுப்பாக நிற்கும். வாரம் ஒரு முறை வெந்நீரில் சமையல் சோடா ஒரு கரண்டி போட்டு ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்கிறேன். தோழி வீட்டில் காப்ஸ்யூல் மெஷின். அங்கே நீர் குறைந்தபோது உப்பு காரணமில்லை. காப்ஸ்யூலைக் குத்தும் ஊசித் துளையில் தூள் அடைத்திருந்தது. ஜெம் கிளிப்பை நிமிர்த்தித் துளையில் விட்டு எடுத்ததும் சரியானது. அவளை முதலில் ஊசியைப் பார்க்கச் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால் வினிகர் செலவு மிச்சம். இன்னொன்று, இந்த மெஷின்களின் தண்ணீர்த் தொட்டியில் பாலை ஊற்றக் கூடாது. குழாய்க்குள் பால் கருகினால் எந்த அமிலமும் அதைச் சுலபமாக எடுக்காது.

தண்ணீர்க் கணக்குதான் கடைசி. வெறும் கேன் தண்ணீரில் போட்டால் உப்பு பிடிக்காது, ஆனால் காபி சப்பென்று, ஒரு புளிப்போடு இருக்கிறது. காபியின் ருசியைத் தண்ணீருக்குள் இழுத்து வரக் கொஞ்சம் கால்சியமும் மக்னீசியமும் தேவை. சிறப்புக் காபி சங்கத்தார் (Specialty Coffee Association என்ற உலக அமைப்பு) சொல்லும் அளவு டி.டி.எஸ். 150-ஐ ஒட்டி, 75-லிருந்து 250 வரை போகலாம். என் கணக்கு: கேன் தண்ணீர் இரண்டு பங்கு, பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு. இரண்டு 60, ஒரு 340, கூட்டினால் 460, மூன்றால் வகுத்தால் 153. மீட்டர் 155 காட்டியது. ராத்திரி படுக்கும் முன் இதைக் கலந்து அரை லிட்டர் செம்பில் ஊற்றி மெஷினுக்குப் பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறேன். செம்பை அத்தையால் இடது கையாலேயே தூக்க முடிகிறது. தொட்டியின் உட்புறம் 150 மில்லிக்கு நேராகச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், அவர் கண்ணுக்குத் தெரியும்படி தடிமனாக.

எலுமிச்சை உப்புக் கழுவல் மாதத்துக்கு ஒரு முறை. தேதி வைத்தால் எனக்கு மறந்துவிடும். அத்தைதான் அமாவாசைக்கு அமாவாசை என்று வைத்தார். எப்படியும் அன்றைக்குப் பூசைப் பாத்திரமெல்லாம் புளி போட்டு விளக்குவார், அதோடு சேர்த்து என்னிடம், "மெஷினுக்கும் புளிப்புக் காட்டிரு தாயி" என்பார். அரை டீஸ்பூன் போதும் இப்போது, அரை மணி ஊறல், மூன்று முறை வெறும் தண்ணீர். ஒவ்வொரு அமாவாசையும் 150 மில்லிக்கு எத்தனை நொடி என்று காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். தை அமாவாசை 108. மாசி 109. பங்குனி 108.